செப்பேட்டில் பேர் இல்லாதவன்

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு சரித்திரத் தொடர்கதை எழுதினேன். அதில் ஓர் அத்தியாயம். சோழ ராஜா குதிரைமேல் வருகிறார். வழியில் ஒரு சத்திரத்துத் திண்ணையில் கிழப் புலவர் ஒருவர் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறார். ராஜா குதிரையை நிறுத்திக் கேட்கிறார். கண் கலங்குகிறது. கையை நீட்டி, "அதோ தெரிகிறதே, அந்தக் கிராமம் இன்று முதல் உம்முடையது" என்கிறார். அத்தியாயம் முடிந்தது. ஓவியர் அந்த நீட்டிய கைக்கு முழுப் பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்தார். அந்த வாரம் எனக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்தக் கையைப் பற்றியவைதான்.

ஒரே ஒரு கார்டு மட்டும் வேறு தினுசாக இருந்தது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியிருந்தார். "ராஜா கிராமத்தைக் கொடுத்துவிட்டார், சந்தோஷம். அதை அளந்தது யார்? எந்தக் கணக்கில் ஏற்றினார்கள்? ராஜா குதிரையைத் தட்டிவிட்டுப் போன பிறகு அந்தக் கிழவர் ஊருக்குள் நுழைந்து 'இது என்னுடையது' என்றால் எவன் நம்புவான்? விரட்டி அடித்திருப்பார்கள்." இவ்வளவுதான். கீழே கையெழுத்து.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயுள் முழுக்க அடங்கலும் சிட்டாவும் பார்த்தவர், கதையில்கூட அடங்கலைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் நூல்நிலையத்திலிருந்து செப்பேட்டுத் தொகுதிகளைக் கொண்டுவந்து உட்கார்ந்தேன். நான் கல்வெட்டு ஆராய்ச்சிக்காரன் அல்ல. காலேஜ் படிப்பை இரண்டு வருஷத்தோடு முடித்துக்கொண்டவன். சாசனத் தமிழ் தெரிந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் இருந்து வாசிக்கக் கற்றுக் கொடுத்தார். கதை எழுதுகிறவன் கண்ணுக்கு அவற்றில் என்ன தென்பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு நாவலை எப்படி விமர்சிப்போமோ அப்படியே ஒரு சாசனத்தையும் விமர்சிக்க முடியும் என்பது என் எண்ணம்.

எடுத்துக்கொண்டது ஆனைமங்கலச் செப்பேடு. டச்சுக்காரர்கள் கொண்டுபோய், பிறகு நெடுங்காலம் ஹாலந்தில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள். 21 ஏடுகள். ஓலை வடிவில் வெட்டிய செம்புத் தகடுகள். துளையிட்டு ஒரு பெரிய வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை அரச முத்திரையால் மூடியிருக்கிறார்கள். முத்திரையில் புலி இருக்கிறது. பக்கத்தில் பாண்டியனுடைய மீனும் சேரனுடைய வில்லும் இருக்கின்றன. மொத்தம் முப்பது கிலோ அளவு கனம். வாசிப்பதற்கு முன்னாலேயே தூக்குகிறவன் மனசில் ஒரு மரியாதையை உண்டாக்குகிற கனம் அது.

இந்த நூலுக்கு இரண்டு பாகம். முதல் 5 ஏடுகள் சமஸ்கிருதம். அடுத்த 16 ஏடுகள் தமிழ். இரண்டையும் எழுதியவர்கள் வேறு, நோக்கம் வேறு, தரமும் வேறு.

முதல் பாகம் ஒரு கவியின் கைவேலை. சோழ வம்சம் சூரியனிடத்தில் தொடங்குகிறது. மனு வருகிறார். புறாவுக்காகத் தசையை அரிந்து கொடுத்த சிபி வருகிறார். பிறகு நமக்குத் தெரிந்த பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எல்லோரும் வீரர்கள், எல்லோரும் கொடையாளிகள், எல்லோரும் எதிரிகளின் மனைவியரைத் தாலி இழக்கச் செய்தவர்கள். இலக்கணம் சுத்தம், அணி ஒன்றுக்கு இரண்டு. ஆனால் ஒரு ராஜாவின் பேரை எடுத்துவிட்டு இன்னொரு ராஜாவின் பேரை வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. கதாபாத்திரம் மாறினாலும் கதை மாறாது என்றால் அதை நாம் எழுத்து என்று சொல்வதில்லை, அச்சு என்றுதான் சொல்வோம்.

திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இன்னொரு வேடிக்கை உண்டு. அது 31 ஏடு கொண்டது. பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த சாசனம். ராஜேந்திர சோழனின் ஆறாவது ஆட்சியாண்டு, அதாவது 1018-ஐ ஒட்டி, அந்தத் தானம் நடந்தது. ஆனால் அதில் நாராயணன் என்ற கவி பாடியிருக்கும் சமஸ்கிருதப் பகுதியில் ராஜேந்திரனுடைய படை கங்கைக்குப் போய் வந்த விஷயம் இருக்கிறது. கங்கைப் படையெடுப்பு நடந்ததோ அதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு. ஆகவே தானப் பத்திரம் முன்பே தயாராகி, புகழ்ப்பாட்டு பின்னால் வந்து முன்னால் உட்கார்ந்திருக்கிறது. புத்தகம் போட்ட எவனுக்கும் இது ஆச்சரியமாக இராது. அட்டைக்குள் மடிக்கிற புகழுரை எப்போதுமே கடைசியில்தான் எழுதப்படுகிறது. ஆசிரியர் அல்லாத ஒருவர்தான் எழுதுகிறார். வாசகர் அதைத்தான் முதலில் படிக்கிறார்.

புகழுரை வீண் என்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஒரு வேலை இருந்தது. முதலாம் ராஜராஜன் காலத்தில் மெய்க்கீர்த்தி என்ற வழக்கம் நிலைபெற்றது. ராஜாவின் வெற்றிகளைத் தமிழில் ஒரே அமைப்பில் தொகுத்து, கல்வெட்டுகளின் தலையில் வெட்டும் வழக்கம். எங்கோ ஒரு சின்னக் கோயில். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு ஒருத்தி கொடுக்கிறாள். அந்த ஆடுகள் சாகாமல் மூப்படையாமல் எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும், இடையன் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும், விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதைக் கல்லில் வெட்டுவதற்கு முன்னால் ராஜா எந்தெந்த நாட்டை வென்றார் என்பதை வெட்டியாக வேண்டும். 96 ஆடுகளும் ஈழத்தையும் வேங்கையையும் தாண்டித்தான் கோயிலுக்குள் நுழைகின்றன. தூரத்து ஊர்க்காரன் ராஜாவைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். ஆனால் தன் ஊர்ச் சுவரில் ஆட்டுக்கணக்குக்கு மேலே அவன் பேரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அதிகாரம் படையோடு ஒரு முறை வரும். எழுத்தோடு தினமும் வரும்.

இனித் தமிழ்ப் பாகம். இதை எழுதியவன் கவி அல்ல, கணக்கன். என் அபிப்பிராயத்தில் இலக்கியம் இங்கேதான் தொடங்குகிறது.

ராஜராஜனுடைய 21-ஆம் ஆட்சியாண்டு, 92-ஆம் நாள். கிறிஸ்து சகாப்தத்தில் 1005 அல்லது 1006. தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையில், தெற்கு மண்டபத்தில் தாம் இருந்தபோது என்று ராஜாவே சொல்வதுபோல் வாசகம் போகிறது. கடாரத்து அரசர் சூளாமணிவர்மர் நாகப்பட்டினத்தில் எடுக்கிற சூளாமணி விஹாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாகக் கொடுக்கிறார். கொடுப்பவர் சிவபக்தர். வாங்குவது கடல் கடந்த அரசர் கட்டிய பௌத்தப் பள்ளி. இதெல்லாம் அந்தக் கணக்கனுக்குப் பெரிய சமாசாரமாகத் தோன்றவில்லை. அவனுக்கு முக்கியம் இடமும் நாளும் அளவும்தான்.

ராஜா வாயால் சொன்னார். அதற்குத் திருவாய்க்கேள்வி என்று பேர். கேட்டதை ஓலை எழுதுகிறவர் எழுதினார். ஓலைநாயகம் அதை ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு அது வரித் திணைக்களத்துக்குப் போயிற்று. அங்கே வரிப்பொத்தகம் வைத்திருப்பவர், முகவெட்டி, வரியிலிடுகிறவர், பட்டோலை எழுதுகிறவர் என்று ஒரு வரிசை. ஒவ்வொருவருக்கும் உத்தியோகப் பேர் உண்டு, ஊர் உண்டு, சொந்தப் பேர் உண்டு. என் தாலுகா ஆபீஸ் நண்பர் இதைப் படித்திருந்தால் தம் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி மகிழ்ந்திருப்பார். கணக்கில் ஏறின பிறகுதான் திருமுகம் நாட்டாருக்குப் புறப்படுகிறது. நாட்டார் என்றால் பல ஊர்கள் சேர்ந்த ஒரு நாட்டுப் பிரிவின் நிலக்கிழார்கள். அவர்கள் எதிர்கொண்டு போய், தொழுது, ஓலையை வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள்.

அதற்கப்புறம் ஒரு பெண் யானை வருகிறது. எல்லை தெரிந்தவர்கள் வழி காட்ட, அது கிராமத்தைச் சுற்றி நடக்கிறது. பிடி சூழ்தல் என்று சாசனம் சொல்கிறது. யானை நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். கிழக்கெல்லை எது, எந்த வாய்க்காலின் எந்தக் கரை, யார் வயலுக்கு மேற்கு, எந்த இடத்தில் தெற்கே திரும்பி எங்கே மறுபடி கிழக்கே நோக்குகிறது என்று ஏடு ஏடாகப் போகிறது. படிக்கப் படிக்க நமக்கே கால் வலிக்கிறது. சூரிய வம்சத்தைச் சொன்ன கவிக்கு ஒரு சுலோகத்தில் உலகம் முழுதும் அடங்கிவிட்டது. கணக்கனுக்கு ஒரு கிராமம் பதினாறு ஏட்டிலும் அடங்க மறுக்கிறது. மண்ணைப் பற்றி உண்மையாக எழுதினால் அப்படித்தான் ஆகும்.

நிலம் 97 வேலிக்குச் சற்று மேலே. அந்தச் சற்றையும் விடவில்லை. மா, காணி, முந்திரிகை என்று இறங்குகிறது. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. அதற்கும் கீழே போகிறார்கள். ஊர் கட்ட வேண்டிய இறை 8,943 கலம் நெல். அதற்கு மேலும் தூணி, குறுணி, நாழி என்று மிச்சம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலிக்குச் சுமார் 92 கலம் வருகிறது. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கடைசியில் நாட்டார் அறையோலை எழுதிக் கொடுக்கிறார்கள். சுற்றியுள்ள ஊர்களின் கணக்கர்களும் நடுவர்களும் ஒருவர்பின் ஒருவராகக் கையெழுத்து வைக்கிறார்கள். இந்த வரிசையைப் படித்தபோதுதான் என் கதையில் நீட்டப்பட்ட அந்தக் கை எவ்வளவு பொய் என்று எனக்கு உறைத்தது. உலகம் முழுதும் ஆள்கிறவன் என்று முதல் பாகம் சொன்ன ராஜா, ஒரு கிராமத்தைக் கொடுப்பதற்கு இத்தனை பேர் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்கிறார். அவர் கொடுத்தார் என்பது அவர் சொன்னதால் உண்மையாகவில்லை. பக்கத்து ஊர்க் கணக்கன் "அறிவேன்" என்று எழுதியதால்தான் உண்மையாயிற்று.

இந்த விஷயத்தில் சரித்திர ஆசிரியர்களுக்குள் பெரிய வழக்கு உண்டு. நீலகண்ட சாஸ்திரியார் 1935-லும் 1937-லும் வெளிவந்த தம் சோழர் வரலாற்றில், மேலிருந்து கீழ்வரை உத்தியோகஸ்தர்கள் நிறைந்த ஒரு வலுவான ராஜ்யத்தைக் காட்டினார். 1980-ல் அமெரிக்கப் பேராசிரியர் பர்ட்டன் ஸ்டெய்ன், அப்படி இல்லை, உண்மையான பலம் நாடுகளிடம்தான் இருந்தது, ராஜாவினுடையது பெரும்பாலும் சடங்குத் தலைமை என்று எழுதினார். பிறகு ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் வரிப் பெயர்களையும் பட்டப் பெயர்களையும் எண்ணிக் கணக்கெடுத்து, ஸ்டெய்ன் சொன்ன அளவுக்கு மையம் பலவீனமானதல்ல என்று காட்டினார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் வாசகன் என்ற முறையில் எனக்குத் தோன்றுகிறது: வாதியும் பிரதிவாதியும் ஒரே வளையத்தில் கோத்த ஏடுகளில்தான் இருக்கிறார்கள். வரித் திணைக்களத்தின் வரிசையைப் படித்தால் சாஸ்திரியார் சொல்வது சரி. நாட்டாரின் கையெழுத்துகளைப் படித்தால் ஸ்டெய்ன் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது.

ராஜராஜன் சொன்னது ஓலையில்தான் இருந்தது. 1014-ல் அவர் காலமானார். வாய்ச்சொல் அந்த வாயோடு போய்விடும் என்ற பயம் இருந்திருக்க வேண்டும். மகன் ராஜேந்திரன்தான் அதைச் செம்பில் வெட்டச் செய்தான். அந்த வளையத்தின் முத்திரை அவனுடையது. இப்படிப்பட்ட சாசனங்களின் முடிவில் ஒரு வழக்கமான வாசகம் வரும். வருங்காலத்தில் இந்தத் தர்மத்தைக் காப்பாற்றப் போகிறவனுடைய பாதங்களைத் தானம் செய்தவன் தன் தலைமேல் ஏந்திக்கொள்வதாகச் சொல்லும் வாசகம். எதிரிகளின் கிரீடங்கள் தன் காலில் உரசியதாகத் தொடங்கியவன், பிறக்காத ஒருவனின் காலைத் தன் தலைமேல் வைத்து முடிக்கிறான். எந்த நாவலாசிரியனும் ஒரு பாத்திரத்தை இவ்வளவு தூரம் இறக்கிக் கொண்டுவரத் துணியமாட்டான். சம்பிரதாயம் தயக்கமில்லாமல் இறக்கியிருக்கிறது. ஏனென்றால் செத்த பிறகு ராஜாவுக்குப் படை இல்லை, எழுத்துதான் உண்டு.

அந்த எழுத்து நிலைத்தது என்பதையும் சொல்லவேண்டும். 1025-ஐ ஒட்டி இதே ராஜேந்திரன் கப்பல் படையை அனுப்பிக் கடாரத்தை அடித்தான். அந்த நாட்டு அரசனைப் பிடித்ததாக அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. எந்த வம்சத்தின் பள்ளிக்குத் தகப்பன் கொடுத்த கிராமத்தைச் செம்பில் வெட்டி உறுதி செய்தானோ, அந்த வம்சத்தின் மேல் யுத்தம். ஆனாலும் பள்ளி இருந்தது. 1090-ல் கடாரத்துத் தூதர்கள் வந்து விண்ணப்பம் செய்ய, முதலாம் குலோத்துங்கன் அந்தப் பள்ளியின் ஊர்களுக்கு மீண்டும் வரி நீக்கிக் கொடுத்தான். அது 3 ஏடு கொண்ட சின்னச் செப்பேடு. விஹாரம் இன்று இல்லை. 1856 முதல் நாகப்பட்டினத்து மண்ணைத் தோண்டியபோது புத்தர் திருமேனிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கட்டடம் போயிற்று, கட்டடத்துக்குச் சோறு போட்ட பத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எழுத்துக்கு இவ்வளவு பலம் என்றால் அது யாருக்குத் துணை நின்றது என்று கேட்க வேண்டாமா? அந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது சோழச் சாசனம் அல்ல, அதைவிடப் பழைய பாண்டியச் சாசனம் ஒன்று. வேள்விக்குடிச் செப்பேடு. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. 10 ஏடுகள். நான் படித்த சாசனங்களில் இதற்கு இணையான கதை வேறு இல்லை.

பராந்தகன் நெடுஞ்சடையன் என்ற பாண்டியனுக்கு அது மூன்றாவது ஆட்சியாண்டு. மதுரைத் தெருவில் ராஜா வரும்போது ஒருவன் கூவி முறையிடுகிறான். பேர் நற்சிங்கன். அவன் சொல்வது இது: பல தலைமுறைகளுக்கு முன்னால் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற உங்கள் முன்னோர், வேள்வியை முடித்துக் கொடுத்ததற்காக என் முன்னோர் நற்கொற்றனுக்கு வேள்விக்குடியைக் கொடுத்தார். பிறகு களப்பிரர் வந்து பிடுங்கிக்கொண்டார்கள். கடுங்கோன் வந்து களப்பிரரிடமிருந்து நாட்டை மீட்டார். ஆனால் எங்கள் ஊர் மட்டும் எங்களுக்குத் திரும்பவில்லை.

இங்கே மட்டமான கதாசிரியனாக இருந்தால், அதாவது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய நானாக இருந்தால், ராஜா உடனே கையை நீட்டியிருப்பார். இந்த ராஜா நீட்டவில்லை. நல்லது என்று புன்னகை செய்கிறார். நாட்டாரைக் கொண்டு உன் பழமையை நிரூபித்துப் பெற்றுக்கொள் என்கிறார். அவன் அங்கேயே நிரூபிக்கிறான். ஊர் திரும்பக் கிடைக்கிறது. ராஜா கேட்டது சாட்சி. அதைச் சொல்லவேண்டியவர்கள் நாட்டார். அந்தப் புன்னகை எனக்கு மிகவும் பிடித்த இடம். வாத்தியார், விடை தெரிந்த பையனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. ராஜாவின் கம்பீரம் கொடுப்பதில் இல்லை, "காட்டு, பார்க்கலாம்" என்று சொல்வதில் இருக்கிறது.

ஆனால் விமர்சகன் அங்கே நிற்கக்கூடாது. இந்தக் கதையைச் சொல்வது ஜெயித்தவன் கையில் இருக்கும் பத்திரம். நற்சிங்கன் கூவுகிற வரையில் வேள்விக்குடி யார் கையில் இருந்தது? களப்பிரர் போய்ப் பல ராஜாக்கள் ஆண்டு முடிந்தாயிற்று. அத்தனை காலமும் அந்த வயல்கள் தரிசாகக் கிடந்தனவா? யாரோ உழுதார்கள். யாரோ வரி கட்டினார்கள். அன்று தெருவில் அவர்கள் இல்லை. அவர்களுடைய பழமையைக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. பத்து ஏட்டில் கவிக்குப் பேர் இருக்கிறது. வெட்டின கொல்லனுக்குப் பேர் இருக்கிறது. கலப்பை பிடித்தவனுக்குப் பேர் இல்லை.

இந்தச் சந்தேகத்தோடு ஆனைமங்கலத்துக்குத் திரும்பினேன். அங்கே நீக்கப்பட்ட வரிகளின் ஜாபிதா ஒன்று இருக்கிறது. கல்யாணம் செய்தால் கண்ணாலக் காணம். துணி துவைக்கும் கல்லுக்கு வண்ணாரப்பாறை. குயவனுக்குக் குசக்காணம். தறிக்குப் புடவை. தட்டாரப்பாட்டம், இடைப்பாட்டம், ஆட்டுக்கிறை, ஓடக்கூலி. முதல் தடவை படித்தபோது, ஆஹா, இத்தனை வரியையும் ராஜா தள்ளிக் கொடுத்துவிட்டாரே, ஊர் சந்தோஷமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். மறுபடி படித்தபோதுதான் அந்த நீண்ட வாக்கியம் எங்கே போய் முடிகிறது என்று கவனித்தேன். இவற்றையெல்லாம் ராஜா வாங்கமாட்டார்; பள்ளியே பெறும். அவ்வளவுதான். இறையிலி என்ற சொல்லைக் கேட்டு ஏமாறக்கூடாது. அது தானம் வாங்கியவருக்குத்தான் இறையிலி. வேலிக்கு 92 கலம் நெல்லும் அளந்தாக வேண்டியதுதான். மூட்டை போகிற பாதைதான் மாறிற்று.

அடுத்து, பள்ளிக்குக் கிடைத்த உரிமைகள். சுட்ட கல்லால் மாளிகை எடுக்கலாம். கிணறு வெட்டலாம். தென்னை வைக்கலாம். மருக்கொழுந்து நடலாம். பெரிய செக்குப் போடலாம். உரிமை என்று இவற்றைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், எழுதிக் கொடுக்கப்படாதவனுக்கு இவை இல்லை என்று அர்த்தம். அதே வரிசையில் ஊர் எல்லைக்குள் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்று ஒரு விதி வருகிறது. கள் இறக்கிப் பிழைத்தவர்கள். சாசனத்தில் அவர்கள் பேர் வருகிற இடம் இதுதான். தடுப்பதற்காக வருகிற பேர். பல்லவர் காலத்துச் செப்பேடுகளில் 'குடிநீக்கி' என்று ஒரு சொல் உண்டு. உழுத குடிகளையே வெளியேற்றினார்களா, முன்பு உரிமை வைத்திருந்தவர்களை மட்டும் விலக்கினார்களா என்று ஆராய்ச்சியாளர்கள் வாதிடுகிறார்கள். எப்படி இருந்தாலும், நீக்கப்பட்டவன் ஒரே சொல்லில் நீங்கிவிட்டான். எல்லைக் கள்ளிக்குப் பல ஏடு, அவனுக்கு ஐந்தெழுத்து.

இப்போது ராஜாவின் அதிகாரம் எங்கே இருந்தது என்று எனக்கு ஒருவாறு புரிந்தது. புகழ்ப்பாட்டில் தேடிப் பிரயோஜனமில்லை. கையெழுத்து வரிசையில் தேட வேண்டும். யாருடைய கையெழுத்து தேவைப்பட்டதோ அவர்களிடம் ராஜாவுக்கு மரியாதை இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது. யாருடைய கையெழுத்து தேவைப்படவில்லையோ அவர்கள் மேல்தான் அவருக்கு அதிகாரம் இருந்தது. நாட்டாரும் அந்த அதிகாரத்தில் பங்காளிகள். ராஜாவும் நாட்டாரும் கணக்கனும் சேர்ந்து, பேர் இல்லாத ஒருவனுடைய நெல்லை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றி எழுதினார்கள். செப்பேடு அந்த உடன்படிக்கைதான். அதன் நேர்மையை நான் குறை சொல்லவில்லை. தன் உலகத்தில் யார் மனுஷன், யார் மனுஷன் இல்லை என்பதை அது மறைக்காமல் சொல்லியிருக்கிறது. என் தொடர்கதை அதைக்கூடச் சொல்லவில்லை.

இதை எழுதுகிறபோது எங்கள் வீட்டுத் தகரப் பெட்டி ஞாபகம் வருகிறது. தாத்தா காலத்துப் பத்திரங்கள் அதில் இருந்தன. அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டுத் திரும்பக் கட்டிவைப்பார். செப்பேடு படித்துப் பழகின கண்ணோடு அவற்றைச் சமீபத்தில் பிரித்துப் பார்த்தேன். அதே நடை. கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் நிலம், வடக்கே கோயில் மானியம், தெற்கே வண்டிப்பாதை. களத்து மேட்டுப் புளியமரம்கூடப் பத்திரத்தில் இருக்கிறது. மூன்று தலைமுறையாக அந்த நிலத்தை உழுத குடும்பம் ஒன்று உண்டு. அந்தக் கிழவர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்திருக்கிறார். அவருடைய அப்பாவின் பேர் எனக்குத் தெரியும். மாடுகளின் பேர் தெரியும். அத்தனை கட்டுகளையும் புரட்டினேன். ஒரு காகிதத்திலும் அவர் பேர் இல்லை. அப்பா நிலத்தை விற்றபோது வாங்கினவர் கையெழுத்துப் போட்டார், சாட்சிகள் போட்டார்கள், எழுதினவரும் போட்டார். அந்தக் கிழவர் பதிவு ஆபீஸ் வாசலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே அவருக்கு வேலை இல்லை.

களப்பிரரைப் பற்றியும் பாண்டியரைப் பற்றியும் நியாயம் பேச வந்தவன் கையிலேயே இப்படி ஒரு சாசனம்.

அந்தத் தொடர்கதையின் அடுத்த பதிப்புக்குப் பதிப்பாளர் கேட்டிருக்கிறார். நீட்டிய கை அத்தியாயத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். புலவருக்குக் கிராமம் கிடைக்கும். ஆனால் கணக்கில் ஏறி, யானை நடந்து, கள்ளி நட்டு, நாட்டார் எழுதிக் கொடுத்த பிறகுதான் கிடைக்கும். தாலுகா ஆபீஸ்காரர் இப்போது திருப்தி அடைவார் என்று நம்புகிறேன். அத்தியாயம் அங்கேயும் முடியாது. எல்லாரும் போன பிறகு, யானை மிதித்த வரப்பைச் சரிசெய்ய ஒருவன் மண்வெட்டியோடு வருகிறான். அவனுக்கு ஒரு பேர் வைக்க வேண்டும். என் பெட்டியில் இல்லாத அந்தப் பேரை வைக்கலாம் என்று இருக்கிறேன்.